ஆறு இந்தியர் வேலையை ஒரே ஜப்பான்காரர் செய்தாரா? ஒரு பஞ்சாலைக் கணக்கு

ஜூன் 2, மாலை 6.05 (கேள்வி)

1910-ல் ஒரு ஜப்பான் மில் தொழிலாளி ஆறு இந்தியத் தொழிலாளிகளின் வேலையைச் செய்தாராம். அதனால்தான் அவர்கள் கார் செய்யப் போய்விட்டார்கள், நாம் இன்னும் நூல் நூற்கிறோம். உழைப்பில்தான் குறை. மறுக்க யாராவது இருக்கிறீர்களா?

ஜூன் 2, இரவு 10.40

இருக்கிறேன். ஆறு என்ற எண் சரிதான், ஆள்தான் மாறிப்போனார். கிரிகோரி கிளார்க் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1987-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. 1910-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி செய்த வேலையைச் செய்ய பிரிட்டனில் ஒன்றரைப் பேர் வேண்டும், ஜெர்மனியில் 2.3 பேர் வேண்டும், கிரேக்கம், ஜப்பான், இந்தியா, சீனா என்றால் கிட்டத்தட்ட ஆறு பேர் வேண்டும் என்கிறது. பாருங்கள், ஜப்பானும் நாமும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஃபார்வர்டு ஆகி ஆகி அமெரிக்காக்காரர் ஜப்பான்காரர் ஆகிவிட்டார்.

ஆனால் கேள்வியைத் தூக்கிப் போட வேண்டாம். 1910-ல் ஒரே படியில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் அடுத்த இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் ஆளுக்கு எவ்வளவு நூல் என்ற கணக்கில் பல மடங்கு மேலே போய்விட்டார். இன்னொருவர் அதே படியில் லேசாகக் காலை மட்டும் மாற்றி வைத்தார். அது ஏன்? இப்படிக் கேட்டால் பேச நிறைய இருக்கிறது.

ஜூன் 2, இரவு 11.10

சொல்ல மறந்தேன். கோவைப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் 22 வருஷம் இருந்தவன் நான். பாதிக் காலம் வொர்க் ஸ்டடி செக்‌ஷன். அதாவது கையில் ஸ்டாப் வாட்சோடு தொழிலாளி பின்னால் நின்று கொண்டிருப்பவன். என்னைப் பார்த்தாலே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் நான் எழுதுவதில் மேனேஜ்மெண்ட் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 3, காலை

என் முதல் பதில்: பஞ்சும் மெஷினும். நம் பஞ்சு குட்டை இழை, அறுந்துகொண்டே இருக்கும். அறுந்தால் ஒட்ட ஆள் வேண்டும், ஆள் கூடினால் ஆளுக்கு வரும் நூல் குறையும். ஜப்பான்காரர்கள் 1883-ல் ஒசாகாவில் பெரிய மில் ஆரம்பித்தபோதே ரிங் ஃபிரேமோடு ஆரம்பித்தார்கள், பம்பாய் பழைய மியூலைக் கட்டிக்கொண்டு அழுதது. (இரண்டும் நூற்கிற மெஷின், எப்படி ஓடும் என்று பின்னால் சொல்கிறேன்.) முடிந்தது கதை.

ஜூன் 4, மதியம்

முடியவில்லை. நேற்று எழுதியதில் ஒன்று தப்பு. ஒசாகா மில்லும் மியூலோடுதான் ஆரம்பித்தது. ஷிபுசாவா எய்இச்சி (இப்போது அவர்களுடைய 10,000 யென் நோட்டில் இருக்கிறாரே, அவர்தான்) பணம் திரட்டி ஆரம்பித்த மில், 10,500 கதிர் (நூலை முறுக்கிச் சுற்றுகிற தண்டு), எல்லாம் மியூல். அதற்கு முன் அரசு ஊக்கத்தில் வந்த மில்களில் மில்லுக்கு 2,000 கதிர்தான், தண்ணீரில் ஓடியவை, பெரும்பாலும் நஷ்டம். ஒசாகா நீராவியில் ஓடியது, இரவும் பகலும் ஓடியது. 1886-ல் மில்லுக்குள் மின்விளக்கு போட்டார்கள். அதுவரை எண்ணெய் விளக்கு. பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் எண்ணெய் விளக்கு! எங்கள் மில்லில் தீப்பெட்டியோடு உள்ளே போனாலே சஸ்பெண்ட்.

ஆனால் ரிங் நல்லது என்று தெரிந்ததும் சில வருஷத்துக்குள் அங்கே புதிதாக வாங்கிய மெஷின் எல்லாம் ரிங் ஆகிவிட்டது. நம்மிடம் ரிங் தெரியாமல் இல்லை. நாக்பூர் எம்ப்ரஸ் மில்லில் டாட்டா 1880-களிலேயே ரிங் போட்டுப் பார்த்து ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஊர் முழுக்க மாறத்தான் நாள் பிடித்தது.

மில் பக்கம் வராதவர்களுக்கு: மியூல் என்றால் கதிர் வைத்த வண்டி முன்னே வந்து பின்னே போகும், வரும்போது இழுத்து முறுக்கும், போகும்போது சுற்றும். அதை ஓட்டப் பழகிய ஆம்பளை ஆள் வேண்டும். ரிங்கில் இழுப்பதும் முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில் நிற்காமல் நடக்கும். அறுந்த இழையை ஒட்டத் தெரிந்தால் போதும், பதினாலு வயசுப் பெண்ணும் பழகிக்கொள்ளும். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

ஜூன் 4, இரவு

பஞ்சு வாதமும் போச்சு. ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார்: "ஜப்பானில் பஞ்சு விளையுமா சார்?" போதுமான அளவு விளையாது. அவர்கள் நூற்றதில் பெரும் பங்கு நம் பஞ்சு! 1893-ல் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பான் போய் என்.ஒய்.கே. என்ற ஜப்பான் கப்பல் கம்பெனியோடு பேசி, பிரிட்டிஷ் கப்பல்காரர்களின் வாடகைக் கூட்டணியை உடைக்க பம்பாய்க்கும் கோபேக்கும் கப்பல் விட வைத்தார். அதில் ஏறிப் போனது என்ன? நம் பஞ்சு. நாலே வருஷத்தில், 1897-ல், ஜப்பான் இறக்குமதி செய்த நூலைவிட ஏற்றுமதி செய்த நூல் அதிகம். அதற்கு முன் பம்பாய் நூல் ஜப்பானில் விற்றுக்கொண்டிருந்தது.

மெஷினும் அப்படித்தான். இங்கேயும் அங்கேயும் பெரும்பாலும் இங்கிலாந்து ஓல்டாம் நகரத்து பிளாட் பிரதர்ஸ் மெஷின். ஒரே பட்டறை, ஒரே பஞ்சு.

ஒரு வித்தியாசம் உண்டு. ரிங்கில் இழை மேல் இழுவை அதிகம், வெறும் குட்டைப் பஞ்சு தாங்காது. அவர்கள் நம் பஞ்சோடு அமெரிக்கப் பஞ்சையும் கலந்து, எந்தக் கவுண்டுக்கு (நூலின் நம்பர், எண் கூடினால் நூல் நைஸ்) எந்தக் கலவை என்று மிக்சிங்கிலேயே உயிரை விட்டார்கள். மிக்சிங் சரியாக இருந்தால் அறுதல் குறையும், அறுதல் குறைந்தால் ஒரே ஆள் அதிகக் கதிர் பார்க்கலாம். பம்பாய்க்குப் பின்னாலேயே பஞ்சுக்காடு, பக்கத்தில் கிடைப்பதைப் போட்டு நூற்றார்கள். சோம்பல் என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம், ஆனால் இது தொழிலாளி சோம்பல் இல்லை.

ஜூன் 6

"ஆளுக்கு இத்தனை கிலோ" என்று எண் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தக் கவுண்ட் என்று சொல்லாமல் கிலோ சொல்லாதீர்கள். ஒரு பவுண்டு 20-ஆம் நம்பர் நூல் 16,800 கெஜம். ஒரு பவுண்டு 40-ஆம் நம்பர் நூல் 33,600 கெஜம். எடை ஒன்றுதான், நூற்க வேண்டிய நீளம் இரட்டிப்பு, முறுக்கும் அதிகம். தடி நூல் நூற்கிற மில் கிலோவில் கெட்டிக்காரன் மாதிரித் தெரியும், நைஸ் நூல் நூற்கிறவன் சோம்பேறி மாதிரித் தெரிவான். இரண்டு நாட்டை ஒப்பிடுவது இருக்கட்டும், ஒரே காம்பவுண்டுக்குள் ஏ யூனிட்டையும் பி யூனிட்டையும் இப்படி ஒப்பிட்டு எங்கள் மீட்டிங்கில் மண்டை உடைந்திருக்கிறது.

அடுத்தது கதிர் கணக்கு. ஒசாகா மாதிரி ராத்திரியும் ஓட்டினால் ஒரு கதிருக்கு வருகிற நூல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் ராத்திரிக்கு வேறு ஆள் வேண்டும், ஆளும் இரட்டிப்பு. ஆக ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றும் மாறவில்லை. மெஷின் மேல் போட்ட முதல் சீக்கிரம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். "ஜப்பான் மில் உற்பத்தித் திறன் இரட்டிப்பு" என்று எங்காவது படித்தால் முதலில் கேட்க வேண்டியது: கதிருக்கா, ஆளுக்கா, மணிக்கா? பதினொரு, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நிற்கிற பெண்ணையும் பத்து மணி நேரம் நிற்கிறவரையும் "ஒரு ஆள்" என்று ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அப்புறம், இங்கே மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) இருக்கிற ஆள் வேறு, அன்றைக்கு வந்த ஆள் வேறு. நிரந்தர ஆள் வராத நாளில் வாசலில் நிற்கும் பதிலியை மேஸ்திரி உள்ளே விடுவார், அதற்கு ஒரு தஸ்தூரி, அதாவது கமிஷன். எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பதே அந்த மேஸ்திரிக்குத்தான் தெரியும். எந்த எண்ணைக் கீழே போட்டு வகுக்கிறோம் என்பதில் பாதி விடை ஒளிந்திருக்கிறது.

ஜூன் 8

இந்தச் சண்டைக்கெல்லாம் எங்கள் ஊரில் தீர்வு உண்டு. கோவையில் 1956-ல் ஆரம்பித்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம், எல்லோரும் சிட்ரா என்போம். அவர்கள் வழியில் கணக்குப் போடுவது எச்.ஓ.கே. நூறு கிலோ நூல் எடுக்க எத்தனை ஆள்-மணி ஆயிற்று என்பது. எந்தக் கவுண்ட் ஓடினாலும் 40-க்கு மாற்றிக்கொள்வோம். எண் குறைந்தால் நல்லது. கவுண்ட் சண்டை, ஷிப்ட் சண்டை இரண்டும் இதில் அடங்கிவிடும். மில்லுக்கு மில் ஒப்பிட இதைவிட நாணயமான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் ஒரே வருஷத்தில் எங்கள் மில்லின் எச்.ஓ.கே.யில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டினோம். எப்படி? கார்டிங்கை (பஞ்சைச் சீவுகிற மெஷினை) டியூன் செய்தோம், டிராவலரை (ரிங் மேல் ஓடி நூலை வழிநடத்தும் சின்ன வளைவை) நேரத்துக்கு மாற்றினோம், அறுதல் குறைந்தது. ஆளுக்கு நாலு சைடு பார்த்தவர்களுக்கு ஆறு சைடு கொடுத்தோம். (ஒரு ரிங் ஃபிரேமுக்கு 440 கதிர், ஒரு பக்கம் 220, அந்தப் பக்கம்தான் சைடு. அதைப் பார்ப்பவர் சைடர்.) அந்த ரிப்போர்ட் எழுதியது நான். முதலாளி கையால் ஒரு வாட்ச் கிடைத்தது. ஸ்டாப் வாட்ச் இல்லை, கையில் கட்டுவது.

ஜூன் 9

"முதலாளிக்கு லாபம், உங்களுக்கு வாட்ச், சைடருக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். சைடருக்கு இரண்டு சைடு.

ஜூன் 11

சரி, பஞ்சு ஒன்று, மெஷின் ஒன்று. பின்னே என்ன வேறு? ஆள் வேறு. எப்படி உழைத்தார் என்பதை விடுங்கள், யார் அந்த ஆள் என்று பாருங்கள்.

பம்பாயில் ரிங் முன்னால் நின்றவர் பெரும்பாலும் குடும்பஸ்தர். ரத்னகிரி, சதாரா பக்கமிருந்து வந்தவர். ஆயுசுக்கும் மில்தான், ஊரில் அவர் அனுப்பும் பணத்தில் நாலைந்து வயிறு. ஒசாகாவில் நின்றது கிராமத்துப் பெண், கல்யாணத்துக்கு முந்திய இரண்டு மூன்று வருஷம் மட்டும் மில்லில். அப்பாவுக்கு முன்பணம் கொடுத்து ஏஜெண்ட் அழைத்து வந்திருப்பார், தங்குவது மில் விடுதியில்.

இப்போது முதலாளி வந்து "நாளை முதல் ஒருவர் இரண்டு சைடு பாருங்கள்" என்கிறார். ஒரு சைடு பார்த்த இடத்தில் இரண்டு சைடு என்றால் பாதிப் பேர் வேண்டாம் என்று அர்த்தம். ஒசாகாவில் யாரையும் வெளியே தள்ள வேண்டியதே இல்லை. இந்த வருஷம் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குப் பதிலாகப் புதிதாக ஆள் எடுக்காமல் விட்டால் போதும், இரண்டு வருஷத்தில் கணக்கு நேராகிவிடும். சண்டை போட வேண்டியவள் சண்டைக்கு முன்பே ஊருக்குப் போய்விடுகிறாள். பம்பாயில்? அந்தப் பாதிப் பேரில் நான் இருக்கிறேனா நீ இருக்கிறாயா என்பதுதான் கேள்வி.

1928 ஏப்ரலில் நின்ற மில் அக்டோபரில்தான் திறந்தது. ஆறு மாசம், ஒன்றரை லட்சம் பேர் வெளியே. தறியில் இரண்டுக்குப் பதில் மூன்று, ரிங்கில் ஒரு சைடுக்குப் பதில் இரண்டு என்ற முதலாளிமார் திட்டம் அந்த வேலைநிறுத்தத்தின் நடுவில் இருந்தது. கிர்ணி காம்கார் யூனியன் என்ற பம்பாய் மில் தொழிலாளர் சங்கம் வளர்ந்ததும் அதில்தான். உற்பத்தித் திறன் படம் போடும்போது இந்த ஆறு மாசம் ஒரு சின்னப் பள்ளமாகத் தெரியும். அதற்கப்புறம் ஜப்பான் கோடு ஏறுவதும் நம் கோடு படுத்துக்கிடப்பதும் ஏன் என்பதற்கான விடை அந்தப் பள்ளத்துக்குள் கிடக்கிறது என்பது என் கட்சி. சூசன் வோல்காட் என்ற ஆராய்ச்சியாளர் 1994-ல் எழுதியதும் ஏறக்குறைய இந்தத் திசைதான்.

ஜூன் 12

எதிர்பார்த்த பதில் வந்துவிட்டது: "ஆக, யூனியன்தான் கெடுத்தது என்கிறீர்கள்."

இல்லை ஐயா. அந்தப் பாதிப் பேருக்கு வேறு வேலை எங்கே இருந்தது? இரண்டு சைடு பார்த்தால் கூலி இரட்டிப்பா? இல்லை, கொஞ்சம் கூட்டித் தருவார்கள். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் மில் கேட்டுக்கு வெளியேதான் உட்கார்ந்திருப்பேன்.

முதலாளி பக்கத்தையும் பாருங்கள். பம்பாய் மில்களை ஓட்டியவர்கள் மேனேஜிங் ஏஜெண்டுகள். ஆரம்ப காலத்தில் அவர்கள் கமிஷன் ஒரு பவுண்டு நூலுக்குக் கால் அணா. லாபமோ நஷ்டமோ, ஆள் கூடவோ குறையவோ, பவுண்டு வந்தால் கால் அணா வந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு ஆள்-மணியைக் குறைக்க என்ன அவசரம்? வேலைக்கு ஆள் எடுப்பது, கழிப்பது, மிரட்டுவது எல்லாம் மேஸ்திரி கையில். அவருக்கோ ஆள் கூடினால் தஸ்தூரி கூடும். மேலே ஒருவருக்கு எடைக்குக் காசு, நடுவில் ஒருவருக்குத் தலைக்குக் காசு, கீழே இருப்பவரைப் பிடித்து ஏன் இன்னும் வேகமாக ஒட்டவில்லை என்று கேட்கிறோம்.

அரசாங்கம்? 1896-ல் ஜப்பான் கச்சாப் பஞ்சு மேலிருந்த இறக்குமதி வரியை எடுத்தது. அதே 1896-ல் இந்திய மில் துணி மேல் மூன்றரை சதவீதக் கலால் வரி உட்கார்ந்தது, இங்கிலாந்தில் துணி மில்கள் நிறைந்த லங்காஷயருக்கு மனம் நோகக் கூடாதென்று. 1925 டிசம்பரில்தான் நிறுத்தினார்கள். இது ஆள்-மணியை நேராகத் தொடாது என்பது தெரியும். ஆனால் புது மெஷின் வாங்குகிற காசு எங்கிருந்து வரும்?

ஜூன் 13, அதிகாலை (தூக்கம் வரவில்லை)

சைடர் என்ன செய்கிறார் என்று ஒரு தரம் எழுதிவிடுகிறேன். தள்ளி நின்று பார்ப்பவருக்கு அவர் வராண்டாவில் உலாத்துகிற மாதிரித்தான் இருக்கும்.

220 கதிர் ஓரமாக நடந்துகொண்டே கண் மட்டும் மேலே. எங்காவது இழை இல்லாமல் ஒரு கதிர் வெறுமனே சுற்றுகிறது. முழங்காலால் பிரேக்கை அழுத்தினால் கதிர் நிற்கும். காப்பை (நூல் சுற்றிய பாபினை) உருவி, நுனியைத் தேடி எடுத்து, மறுபடி கதிரில் மாட்டி, நுனியை ரிங்கின் மேல் இருக்கிற டிராவலருக்குள் செருகி, மேலே கொக்கிக்குள் விட்டு, முழங்காலை எடுத்ததும் ஃப்ரண்ட் ரோலரிலிருந்து வருகிற பஞ்சில் நுனியைத் தொட்டுவிட வேண்டும். முறுக்கு ஏறிப் பிடித்துக்கொள்ளும். டிராவலர் அரிசி அளவுகூட இல்லாத ஒரு சின்ன இரும்பு வளைவு. கைதேர்ந்தவர் இதைச் செய்யும்போது என் வாட்ச் முள்ளைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த இழைக்குப் போயிருப்பார். அடுத்ததும் அடுத்ததும் சேர்ந்து அறுந்தால்தான் பிரச்சினை. அந்தக் கோடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இந்தக் கோடியில் நாலு அறுந்திருக்கும். ஆறு சைடு என்றால் ஆறு வராண்டா.

அப்படி ஒருநாள் ஒரு சைடர், வயசானவர், நடந்துகொண்டே கேட்டார்: "ஏனுங்க சார், ஒண்ணுக்குப் போற நேரமும் அந்த வாட்ச்சுல வருதுங்களா?" அதுக்கும் ரெஸ்ட் அலவன்ஸ் சதவீதம் போட்டிருக்கிறோம் என்றேன். "அப்ப சதவீதமாத்தான் போகணுமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சைடுக்குள் திரும்பிவிட்டார்.

ஜூன் 15

ஜப்பான் கோடு ஏறியதற்கு விடுதிப் பெண்கள் மட்டும் காரணம் என்கிற மாதிரி 11-ஆம் தேதி எழுதிவிட்டேன். அது அரைகுறை. விடுதிப் பெண்கள் 1900-லும் இருந்தார்கள், 1910-லும் இருந்தார்கள். 1910-ல்தான் நாமும் அவர்களும் ஒரே படி என்று நானே முதல் குறிப்பில் எழுதியிருக்கிறேனே! அப்போது அந்தப் பெண்களை வைத்து என்ன செய்தார்கள்? இரவு பகல் ஓட்டினார்கள். ஆள் மலிவு, ஆளை மிச்சம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. விடுதியில் காசநோய், தப்பி ஓடுவது, இதையெல்லாம் அவர்கள் அரசே 1903-ல் அறிக்கையாகப் போட்டது. தொழிற்சாலைச் சட்டம் 1911-ல் வந்து 1916-ல்தான் அமலுக்கு வந்தது, அதிலும் பெண்களின் இரவு வேலைக்கு நீண்ட விலக்கு.

1929 ஜூலையில் அந்த விலக்கு முடிந்தது. பெண்கள் ராத்திரி வேலை செய்யக் கூடாது. மில்களுக்கு ஷிப்ட் சுருங்கி எட்டரை மணி நேரமாகியது. இழந்த மணியை எங்கே பிடிப்பது? மெஷின் வேகத்தில், கூடுதல் சைடில். சட்டம் வரப்போவது பல வருஷம் முன்பே தெரியும், அதனால் தயாராகவே இருந்தார்கள். சகிச்சி டொயோடாவின் தானியங்கித் தறி 1924-ல் வந்துவிட்டது. நூல் அறுந்தால் தானே நிற்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓடம் (ஷட்டில்) மாறும். ஒரு பெண் இருபதுக்கு மேல் தறி பார்க்கலாம். 1929-ல் அதன் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கியது யார் தெரியுமா? ஓல்டாம் பிளாட் பிரதர்ஸ்! மெஷின் விற்றவரே மெஷின் கற்றுக்கொள்ள வந்த கதை.

கேள்வி கேட்ட தம்பிக்கு: "கார் செய்யப் போய்விட்டார்கள்" என்றீர்கள். டொயோட்டா குழுமம் இன்றைக்கும் ரிங் ஃபிரேம் செய்கிறது. நூலை விட்டுவிட்டுக் கார் வந்துவிடவில்லை, தறிப் பட்டறைக்குள்ளிருந்து வந்தது.

ஜூன் 16

சந்தையையும் உற்பத்தித் திறனையும் நான் 4-ஆம் தேதி போட்டுக் குழப்பியதாக ஒரு புகார். நியாயம். 1893-ல் இந்திய அரசு யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தியதால், வெள்ளியைவிட ரூபாய் மதிப்பு ஏறி, வெள்ளியில் வாங்குகிற சீனாக்காரருக்கு பம்பாய் நூல் விலை ஏறியது. 1931 டிசம்பரில் ஜப்பான் யென்னைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்ததை விட்டதும் யென் சரிந்து அவர்கள் துணி இங்கே கொட்டியது, 1933-ல் பிரிட்டிஷ் அல்லாத துணிக்கு 75 சதவீத வரி போட்டார்கள், பதிலுக்கு அவர்கள் நம் பஞ்சை வாங்க மாட்டோம் என்றார்கள், 1934-ல் சமாதானம். இதெல்லாம் யார் விற்றார் என்ற கதை. ஒரு ஆள் ஒரு மணியில் எவ்வளவு நூற்றார் என்ற கதையில்லை. விலை குறைவாக விற்பவர் எல்லாம் திறமைசாலியும் இல்லை.

ஜூன் 19

நாலாம் தேதி ஞாபகம் வைக்கச் சொன்னேனே, பதினாலு வயசுப் பெண்.

1997 வாக்கில் என்று நினைக்கிறேன், வேறொரு மில்லுக்கு, பெயர் வேண்டாம், ஒரு ஸ்டடிக்காகப் போயிருந்தேன். காம்பவுண்டுக்குள்ளேயே விடுதி, சுற்றி உயரமான சுவர். ரிங் டிபார்ட்மெண்டில் ஒரு ஆம்பளை சைடர் இல்லை. எல்லாம் தென் மாவட்டத்துப் பெண்கள், மூன்று வருஷக் கான்ட்ராக்ட், முடிந்து போகும்போது மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு என்று. சுமங்கலித் திட்டம் என்று பின்னால் பேப்பரில் எல்லாம் அடிபட்டதே, அதுதான். என்னைக் கூட்டிப்போன அதிகாரி பெருமையாகச் சொன்னார்: "இங்கே ஆறு சைடு, எட்டு சைடு, எதுக்கும் பேச்சே கிடையாதுங்க."

எனக்கு அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எச்.ஓ.கே. எவ்வளவு என்று கேட்டேன், சொன்னார், நல்ல நம்பர், குறித்துக்கொண்டேன். ஒசாகாவைப் பற்றிப் படித்தது ரிட்டயர் ஆனபிறகு. முன்பணம், விடுதி, மூன்று வருஷம், கல்யாணம் என்று படித்துக்கொண்டே வந்தபோது அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது. நூறு வருஷ ஒப்பீட்டில் கடைசியில் நம் கோடு ஏன் ஏறியது என்று யாராவது ஆராய்ந்தால் மெஷின், மின்சாரம், மேலாண்மை என்று எழுதுவார்கள். அதெல்லாமும் உண்மைதான். எட்டு சைடு பார்த்த பெண்ணிடம் மறுத்துப் பேச எத்தனை வழி இருந்தது என்பதற்கு அந்தப் படத்தில் இடம் கிடையாது.

(ஜப்பானில் இன்று நூற்பு மில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஆக "இப்போது யார் மேல்?" என்று கேட்பதில் பெரிய அர்த்தமில்லை.)

ஜூன் 20

"அப்போ ஜப்பான்காரன் உழைப்பாளி இல்லை என்கிறீர்களா?" இல்லை. "நாம் சோம்பேறி இல்லை என்கிறீர்களா?" நான் சோம்பேறிதான், மற்றவர்களைப் பற்றித் தெரியாது. அடுத்த கேள்வி.

ஜூன் 27

ஒரு வாரம் எழுதவில்லை. பரணில் இருந்த என் பழைய நோட்டுகளை இறக்கச் சொன்னேன். எட்டாம் தேதி பெருமையடித்தேனே, ஐந்தில் ஒரு பங்கு, அந்த வருஷத்து நோட்டும் கிடைத்தது. எண்ணைச் சரிபார்த்து இங்கே போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன்.

அறுதல் குறைந்தது நிஜம், ஸ்னாப் ரீடிங் (அறுந்த இழை எத்தனை என்று எடுக்கும் கணக்கு) எல்லாம் மாசா மாசம் என் கையெழுத்தில் இருக்கிறது. ஆறு சைடும் நிஜம். ஆனால் ஜூலை மாசப் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: "1-ஆம் தேதி முதல் டாஃபிங், கிளீனிங் கான்ட்ராக்ட். மஸ்டரில் 46 பேர் குறைவு."

டாஃபர் என்றால் காப் நிறைந்ததும் ஃபிரேமை நிறுத்தி எல்லாவற்றையும் உருவி வெறும் பாபினைப் போடுகிற பையன்கள். அவர்கள் வேலையை விட்டுப் போகவில்லை. அதே பையன்கள், அதே ஃபிரேம், அதே எட்டு மணி நேரம். சம்பளத்தைக் கான்ட்ராக்டர் கொடுத்தார், பெயர் கான்ட்ராக்டர் நோட்டில் இருந்தது. நான் ஆள்-மணி எடுத்தது மில் மஸ்டரிலிருந்து.

ராத்திரி உட்கார்ந்து அந்த 46 பேரையும் திரும்பச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறைந்ததாகக் காட்டியதில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அன்றைக்கு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, பென்சிலில் எழுதியவன் நான். ரிப்போர்ட் எழுதும்போது பேனாவில் எழுதினேன், அந்த வரி வரவில்லை.

எட்டாம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். வாட்ச் ஓடவில்லை, ரொம்ப நாளாயிற்று.